ஊதச் சொல்லாத காலம்

கொரோனா வந்ததும் நம்ம ஊர் டிராஃபிக் போலீஸார் முதலில் எடுத்து உள்ளே வைத்தது ஊதுற மெஷினைத்தான். லத்தியை வைக்கவில்லை, பேரிகார்டை வைக்கவில்லை, ரசீது புத்தகத்தையும் வைக்கவில்லை. குடித்திருக்கிறோமா என்று பார்க்க வாய்க்கு நேரே நீட்டி 'ஊதுல' என்று சொல்லுவார்களே, அந்தச் சின்னக் கருவி மட்டும் பீரோவுக்குள் போய்விட்டது. குடிக்கிறவர்களுக்கு அதில் சந்தோஷம், குடிக்காதவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. குடிக்காத கூட்டத்தில் ஒருத்தனான எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தும்போது குடிக்காதவனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த மெஷின்தான் என்பது, அது இல்லாமல் போன அந்த ரெண்டு வருஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

நான் பாளையங்கோட்டையில் சின்னதாக மருந்து மொத்த வியாபாரம் பண்ணுகிறேன். அம்பை லைன், வள்ளியூர் லைன், திசையன்விளை லைன் என்று வாரம் பூராவும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஊரே அடைத்துக் கிடந்தபோதும் மருந்துக்குத் தடை இல்லை, கண்ணாடியில் 'அத்தியாவசியப் பணி' என்று ஒட்டிக்கொண்டு சுற்றினோம். டிரைவர் வராத நாளில் நானே ஓட்டினேன். அதனால் கே.டி.சி. நகர் தொடங்கி நாங்குநேரி வரைக்கும், இந்தப் பக்கம் முக்கூடல், சேரன்மகாதேவி வரைக்கும் அந்தக் காலத்துச் செக்போஸ்ட் ஒவ்வொன்றையும் வெயிலிலும் சாரலிலும் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஏட்டு அண்ணாச்சி இருக்கிறார், டிராஃபிக்கில் இருந்தவர், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். கீழே வருகிற போலீஸ் பக்கத்து விஷயங்களில் பாதி அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது.

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருஷக்கணக்காக ஊதிக்கொண்டிருப்பவர்களுக்கே இது தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு சொல்லும் அளவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் வழக்கு. இது ரொம்பக் கறாரான அளவு, இங்கிலாந்தில் 80 வரைக்கும் விடுகிறார்கள். மெஷினோ ரத்தத்தைத் தொடுவதே இல்லை. நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சைத்தான் பார்க்கிறது. 2,100 மில்லி மூச்சில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ அவ்வளவுதான் 1 மில்லி ரத்தத்திலும் இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே பிளாட்டினம் பூசிய தகடு இருக்கும், மூச்சோடு வரும் ஆல்கஹால் அதில் பட்டு ஆக்ஸிஜனோடு சேரும்போது கொஞ்சூண்டு கரண்ட் உண்டாகும், எவ்வளவு கரண்டோ அதற்கேற்ற நம்பர் திரையில் வரும். 'நிறுத்தாம ஊதுல, நிறுத்தாம ஊது' என்று அவர்கள் கத்துவது அதனால்தான். வாயில் கிடக்கிற காற்று உதவாது, அடியில் இருக்கிற காற்று வெளியே வர வேண்டும்.

அப்படி அடியிலிருந்து வருகிற மூச்சைத்தான் 2020 மார்ச்சில் உலகமே கண்டு பயந்தது. ஒருத்தன் நம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று நெஞ்சு காலியாகிற மட்டும் ஊத வேண்டும், அதை வாங்கிக்கொண்டு ஒரு ஏட்டு நிற்க வேண்டும், அடுத்து இன்னொருத்தன், அதற்கடுத்து இன்னொருத்தன். நிறுத்தியதில் தப்பே சொல்ல மாட்டேன். பெங்களூரில் நிறுத்தினார்கள், ஆஸ்திரேலியாவில் ரோட்டை மறித்து எல்லாரையும் ஊதச் சொல்லும் வழக்கத்தைச் சில மாநிலங்களில் நிறுத்திவைத்தார்கள், நம்ம நாட்டில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கான சோதனையையே அந்த மார்ச் கடைசியில் தற்காலிகமாக நிறுத்தினார்கள். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நிற்கிற ஏட்டுக்கு மட்டும் தனி நுரையீரலா இருக்கிறது?

அதோடு முதல் ஆறேழு வாரம் அந்த மெஷினுக்கு வேலையும் கிடையாது. மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு 144 வந்தது, டாஸ்மாக்கில் ஷட்டர் இறங்கியது. சுலோச்சன முதலியார் பாலத்தில் நட்டநடு மத்தியானம் நாய் படுத்திருந்ததை நானே பார்த்தேன். சரி, அதுவரைக்கும் எல்லாம் சரி.

சிக்கல் மே மாதம் ஆரம்பித்தது. மே 7 கடை திறந்தது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 16-ம் தேதி மறுபடி திறந்துவிட்டார்கள். கலர் கலராக டோக்கன், சவுக்குக் கம்பு கட்டி வரிசை, குடை பிடித்துக்கொண்டு ஆட்கள். ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. கடை திறந்தாயிற்று, மெஷின் மட்டும் பீரோவிலேயே இருந்தது. இந்த ரெண்டையும் சேர்த்து யோசித்த ஆள் யாராவது இருந்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். 2021-லும் இதே கதை. ரெண்டாவது அலை ஊரடங்கில் மே 10 மூடிய கடைகளை ஜூன் 14 திறந்தபோது, தொற்று அதிகமாக இருந்த 11 மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற 27-ல் திறந்தார்கள், அந்த 27-ல் நெல்லையும் இருந்தது.

இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. கடைதான் திறந்தது, பார் திறக்கவில்லை. பாரில் குடிக்கிறவன் எங்கே குடிப்பான்? வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள், அப்பா அம்மா எல்லாரும் நாள் பூராவும் இருக்கிறார்கள், அங்கே பாட்டிலைத் திறக்க முடியாது. பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்து ஊருக்கு வெளியே போனான். குளத்தங்கரை, வாய்க்கால் பாலம், வாழைத்தோட்டத்து வரப்பு, பனங்காட்டு ஓரம். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடித்துவிட்டு அந்த நாலைந்து கிலோமீட்டரையும் இருட்டில் திரும்பி ஓட்டி வந்தான். பார் இருந்த காலத்தில் தெருமுனைவரைக்கும் தள்ளாடி நடந்தே வந்திருப்பான். திசையன்விளை லைன் முடிந்து ராத்திரி திரும்பும்போது எதிரே வளைந்து வளைந்து வருகிற ஒற்றை ஹெட்லைட்டைப் பார்த்தாலே எங்கள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவான், அது தாண்டிப் போனபிறகுதான் எடுப்பான்.

ரோடும் அதற்குத் தோதாகக் கிடந்தது. நாலுவழிச் சாலையில் கயத்தாறு தொடங்கிக் காவல்கிணறு வரைக்கும் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டியே இல்லை என்றால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும், குடிக்காதவனுக்கே அழுத்தும். உள்ரோடுகளில் வேறு மாதிரி. போக்குவரத்து இல்லையே என்று ரோட்டிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப்போட்டு, கல்லை அண்டக் கொடுத்து, ராத்திரி மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கல்லில் எத்தனை பைக் ஏறியது என்று சேரன்மகாதேவிப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் சாலை விபத்துக் கணக்கில் 2019-ல் நாடு முழுக்க இறந்தவர்கள் 1,51,113 பேர். 2020-ல் விபத்து குறைந்தது, சாவும் குறைந்தது, ரோட்டில் வண்டியே இல்லையே, குறையாமல் என்ன செய்யும்? ஆனால் நூறு விபத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கு மட்டும் ஏறியது. 2019-ல் 33.7, 2020-ல் 36, 2021-ல் 37.3. விபத்து குறைவாக நடந்தது, நடந்தது ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாகக் கொன்றது. 2021-ல் ஊரடங்கு இருந்தும் சாவு 1,53,972, கொரோனாவுக்கு முந்தைய வருஷத்தையே தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இன்னும் மோசம், 2020-ல் அவர்கள் வண்டி ஓட்டிய தூரம் குறைந்தது, செத்தவர் எண்ணிக்கை கூடி 38,000-ஐத் தாண்டியது. எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காலி ரோடு, வேகம், ஹெல்மெட் போடாதது, கேட்க ஆள் இல்லை என்கிற நினைப்பு, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் கேட்க ஆள் இல்லை என்கிற நினைப்பு சும்மா வராது, உண்மையிலேயே கேட்க ஆள் இல்லாததால்தான் வரும். லைசென்ஸ், எஃப்.சி., பெர்மிட் எது காலாவதியானாலும் செல்லும் என்று 2020 பிப்ரவரியிலிருந்து தள்ளித் தள்ளி 2021 அக்டோபர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு நியாயம் இருந்தது, ஆர்.டி.ஓ. ஆபீஸே பூட்டிக் கிடந்தால் எங்கே போய்ப் புதுப்பிப்பது? ஆனாலும் பிரேக் பிடிக்காத வண்டிக்கு அரசாணை தெரியாது.

இனி மெஷின் இல்லாமல் எப்படிப் பிடித்தார்கள் என்று பார்ப்போம். மூக்கை வைத்துத்தான். அதாவது, மாஸ்க் போட்ட மூக்கை வைத்து, மாஸ்க் போட்ட வாயை மோப்பம் பிடித்து. அதிலும் ஊர் பூராவும் சானிட்டைசர் நாறிக்கொண்டிருந்த காலத்தில். கடைக்குள் ஏறினால் கையில் ஊற்றுவான், இறங்கினால் ஊற்றுவான், செக்போஸ்டிலேயே ஒரு டேபிள் போட்டு ஊற்றினார்கள். நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு ஆல்கஹால் அது. 2020 ஜூலைக் கடைசியில் ஆந்திராவில் குறிச்சேடு என்ற ஊரில் கடை மூடிக்கிடந்ததால் சானிட்டைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். எதிரே நிற்கிறவன் மேல் வாடை அடித்தால் அது குடித்த வாடையா, கையில் தடவிய வாடையா, எந்த ஏட்டு சொல்லுவார்?

"அண்ணாச்சி, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்கதுக்கு என்ன தம்பி, பேரு கேப்பேன். பேரு சொல்ல நேரமாச்சுன்னா குடிச்சிருக்கான்."

"பயத்துல நேரமானா?"

"அதான் பிரச்சினை" என்றார், சிரிக்காமல்.

சட்டத்துக்கு இது போதாது. வாயில் வாடை, நடையில் தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறின பேச்சு இவ்வளவு இருந்தாலும் அதை மட்டும் வைத்து ஒருவன் குடித்திருந்தான் என்று தீர்மானித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் வழி தெளிவாகவே இருக்கிறது. ஊதச் சொல்லலாம். கைது பண்ணினால் ரெண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த நாளில் எந்த டாக்டரிடம் கொண்டுபோவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிதான் இந்தப் பக்கத்துப் பெரிய கொரோனா ஆஸ்பத்திரி. குடித்தவன் ஒருத்தனை வேனில் ஏற்றிக்கொண்டு அந்த வாசலில் போய் வரிசையில் நிற்க எந்தப் போலீஸ்காரருக்கு மனசு வரும்? வீட்டில் அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கும், வயசான அம்மா இருப்பாள்.

அதனால் என்ன நடந்தது என்றால், எல்லாம் ரோட்டோரத்திலேயே முடிந்தது. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்பது ஒரு வகை. ஊரடங்கு மீறல் என்று இந்திய தண்டனைச் சட்டம் 188-வது பிரிவில் வழக்குப் போட்டு வண்டியைத் தூக்கிப்போவது இன்னொரு வகை. 2020 செப்டம்பருக்குப் பிறகு மாஸ்க் இல்லாததற்கு 200 ரூபாய் அபராதம் வந்ததும் குடித்தவனுக்கும் அந்த ரசீதையே கிழித்துக் கொடுத்தார்கள், மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வருகிறவன்தானே அவன், சிக்கல் தீர்ந்தது. சட்டப்படி 10,000 ரூபாயும் ஆறு மாசம் வரைக்கும் சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம் 200 ரூபாயில் பைசல். இதெல்லாம் போக, தோப்புக்கரணம், ரெண்டு அடி, வசவு. அதற்கு ரசீது கிடையாது.

நெல்லைச் சீமைக்காரன் இதை எழுதும்போது 2020 ஜூனைத் தாண்டிப் போக முடியாது. சாத்தான்குளம் எங்கள் திசையன்விளை லைனுக்கு ஒட்டியே இருக்கிறது. ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், ரெண்டு பேரும் காவலில் அடிபட்டு அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, அப்புறம் சி.பி.ஐ.க்குப் போனது. செக்போஸ்ட்களில் கம்போடு நின்றுகொண்டிருந்த 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தன்னார்வலர்களை ஜூலையில் அரசு தடை செய்தது. அந்த வழக்குக்கும் குடிக்கும் சம்பந்தம் இல்லை, தெரிந்துதான் சொல்லுகிறேன். கடை எத்தனை மணிக்கு மூடியது என்பதற்கு ஒரு எந்திரம் எழுதின சீட்டு கிடையாது, நிற்கிறவர் சொன்னதுதான் நேரம். எதிரே நிற்கிறவன் குடித்தானா இல்லையா என்பதும் அந்த மாதங்களில் அதே போல நிற்கிறவர் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போலீஸார் யாரையும் தொடவே இல்லை. கையைக் காட்டுவார்கள், நிற்காமல் போனால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "அடிச்சாலும் தப்பு, விட்டாலும் தப்பு, நாங்க என்னத்தச் செய்ய?" என்றார் ஏட்டு அண்ணாச்சி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளக்கிற கருவியைப் பிடுங்கிவிட்டு அளந்து காட்டு என்று நிற்க வைத்தால் மனுஷன் கையில் இருப்பதைத்தான் பயன்படுத்துவான், கம்பையோ கருணையையோ. எதுவாக இருந்தாலும் எதிரே நிற்கிறவனுக்கு அது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு அத்தான், 2020-ல் முக்கூடல் ரோட்டில் பைக்கில் வரும்போது எதிரே வந்த கார் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அத்தான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்தையே இளநீர் மாதிரி குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள். இழப்பீட்டு வழக்குப் போட்டோம். ஒரு வருஷம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரையைப் பார்த்தால், மனுதாரர் மது அருந்தியிருந்தார், அதனால் விபத்தில் அவர் பங்கும் உண்டு என்று இருந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால், முதலில் கொண்டுபோன சின்ன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், 'ஆல்கஹால் வாடை உள்ளது' என்று ஒரு வரி. ரோட்டில் கிடந்தவரைத் தூக்கினவர்கள் கொரோனா பயத்தில் கையிலும் சட்டையிலும் பாட்டிலோடு சானிட்டைசரை ஊற்றியிருக்கிறார்கள். அங்கே உள்ளே போனதும் ஸ்பிரிட் வைத்து வேறு துடைத்திருக்கிறார்கள். டியூட்டியில் இருந்தவர் பி.பி.இ. கிட் போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்று எழுதியிருக்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை.

இந்த ஒரு வரியை எப்படி அழிப்பது? ரத்தம் எடுத்திருந்தால் பூஜ்யம் என்று காட்டியிருக்கும். எடுக்கவில்லை. ஊதச் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே ஊதியிருப்பார். யாரும் சொல்லவில்லை. வக்கீல் அந்த 1971 தீர்ப்பைக் காட்டினார், வாடை மட்டும் போதாது என்று. அந்தப் பக்கத்து வக்கீல் புதுசாக ஒன்றைக் காட்டினார். 2021 ஏப்ரலில் டெல்லிக் கார் விபத்து ஒன்றைப் பற்றின காப்பீட்டு வழக்கில், ஊதவைத்த சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லை என்பதாலேயே காப்பீட்டு நிறுவனம் குடிபோதையை நிரூபிக்க முடியாது என்று ஆகிவிடாது, மற்றச் சூழ்நிலைகளை வைத்தும் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் சங்கதிகளே வேறு, அங்கே குடித்திருந்ததற்கு எல்லா அடையாளமும் இருந்தது என்று எங்கள் வக்கீல் வாதாடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அக்காவுக்கு அலைய முடியவில்லை. கடைசியில் லோக் அதாலத்தில் உட்கார்ந்து கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வாங்கிக்கொண்டு முடித்தோம். பணத்தைக்கூட அத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'குடிச்சேன்னு எழுதிட்டானுவளே' என்பதுதான் அவருக்கு. இன்றைக்கும் முக்கூடல் ரோட்டில் வண்டி போகும்போது அந்தப் பேச்சுதான் எடுப்பார்.

மெஷின் திரும்பி வந்தபோது அது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டதா என்றால், அதிலும் ஒரு கூத்து நடந்தது. எங்கள் டிரைவர் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்த நேரம், வண்டியில் அஞ்சு லிட்டர் சானிட்டைசர் கேன் ஒன்று மூடி கழன்று கேபின் பூராவும் வாடை. அந்த நாற்றத்தோடு வள்ளியூர்ப் பக்கம் நிறுத்தினார்கள். ஏட்டு புது மெஷினை, கொரோனா ஜாக்கிரதையாம், சானிட்டைசர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு நீட்டினார். இவன் ஊதினான். நம்பர் வந்துவிட்டது. அது 30-க்கு எவ்வளவோ மேலே. காவி வேட்டியும் துளசி மாலையுமாக நின்றவனை ஏட்டு மேலும் கீழும் பார்த்த பார்வையை அவன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான்.

நடந்தது என்னவென்றால், அந்தப் பிளாட்டினம் தகட்டுக்கு பிராந்தியில் இருக்கும் எத்தனால் என்ன, சானிட்டைசரில் இருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ன, ரெண்டும் ஒன்றுதான், ரெண்டுக்கும் கரண்ட் வரும். துடைத்த ஈரம் காயவில்லை, வாயைச் சுற்றியும் மூக்கைச் சுற்றியும் ஆவி. இப்படி வெளியிலிருந்தும் வாய்க்குள்ளிருந்தும் வருகிற ஆல்கஹால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும், ரத்தத்தில் இருப்பது அவ்வளவு சீக்கிரம் கரையாது. அதனால்தான் பதினைந்து இருபது நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊத வைக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. எனக்கு போன் பண்ணினான், நான் ஏட்டிடம் மரியாதையாகச் சொன்னேன், அவரும் நல்ல மனுஷன், வண்டியை விட்டு இறங்கி வந்து காற்றாட நில் என்றார். வள்ளியூர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நேரே வந்து அடிக்கிறது. கால் மணி நேரம் கழித்து, புதுக் குழாய் மாட்டி, ஊதினான். பூஜ்யம்.

அத்தானுக்கு இதுதான் கிடைக்கவில்லை. மெஷின் தப்பாகச் சொன்னால் மறுபடி ஊதுகிறேன் சார் என்று கேட்கலாம், அது கோபித்துக்கொள்ளாது. மூக்கு தப்பாகச் சொன்னால் மறுபடி மோந்து பாருங்கள் சார் என்று யார் கேட்பது?

மெஷினை அப்படியே வைத்திருந்து பாதுகாப்பாக ஊத வைக்க வழியே இல்லையா என்றால், இருந்தது. ஒருமுறை மாட்டிக் கழற்றி எறிகிற குழாய், அதிலேயே காற்று திரும்பி வராத வால்வு, கையுறை, முகத்தை மறைக்கிற ஷீல்டு. ஊதுகிறவனின் பக்கவாட்டில், காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்பது. எல்லாரையும் மறித்து ஊதச் சொல்லாமல் தடுமாறி வருகிற வண்டியை மட்டும் நிறுத்துவது. முதல் ரெண்டு மாசம் இதெல்லாம் கேட்பது அநியாயம், கையுறையே டாக்டர்களுக்குப் பத்தவில்லை, என் கடையிலேயே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் 2020 ஆகஸ்டுக்குப் பிறகு கையுறையும் ஷீல்டும் பெட்டிக்கடையில் தொங்கியது. குழாய் ஒன்றின் விலை ஒரு டீ விலைகூட இருக்காது. அப்போதாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்காவது ஹைகிரவுண்டை விட்டு வேறு ஒரு ஆஸ்பத்திரியை ஒதுக்கியிருக்கலாம். குற்றாலத்தில் அந்த வருஷம் டிசம்பர் பாதிவரைக்கும் யாரையும் குளிக்க விடவில்லை, அதுவே பெரிய புண்ணியம் பண்ணியது. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் போகிற ஆலங்குளம் ரோட்டையும் இந்த மெஷின் இல்லாத காலத்தையும் சேர்த்து நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது மெஷின் முழுசாக வந்துவிட்டது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புது அபராதப் பட்டியல் அமலுக்கு வந்த பிறகு பத்தாயிரம் ரூபாய் என்றால் எல்லாருக்கும் தெரிகிறது, ஹெல்மெட்டுக்கே ஆயிரம் ஆகிவிட்டது. நிறுத்தினால் நான் கேட்பது: குழாயைப் பிரிக்காத கவரிலிருந்து எடுத்து மாட்டச் சொல்லுவேன், ஊதும் முன்னால் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுவேன், கையில் சானிட்டைசரோ வாயில் மவுத்வாஷோ பட்டிருந்தால் கொஞ்ச நேரம் கழித்து ஊதுகிறேன் என்பேன். பெரும்பாலும் முறைப்பார்கள், ஆனால் செய்வார்கள். மறுக்க மட்டும் கூடாது. காரணமில்லாமல் ஊத மறுத்தால் அந்த மறுப்பையே நமக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்ப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205-வது பிரிவு சொல்லுகிறது.

எங்கள் டிரைவர் ஒருபடி மேலே போய்விட்டான். பூஜ்யம் வந்தாலும் பிரிண்ட் கேட்கிறான். போன மாசம் கே.டி.சி. நகரில் ஒரு எஸ்.ஐ. "பூஜ்யத்துக்கு எதுக்குல சீட்டு, போல அங்கிட்டு" என்று விரட்டியிருக்கிறார். "இல்ல சார், குடிக்கலைன்னு ஒரு தாள் இருந்தா நல்லது" என்று இவன் நகராமல் நிற்க, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, அவர் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை டீசல் பில்லோடு சேர்த்துக் கணக்கு நோட்டில் குத்தி எனக்குக் கொண்டுவந்து தந்தான். இந்த மாசமும் ஒன்று வந்திருக்கிறது.